பொட்டு வைத்த மெஷின்

கவிப்பிரியாவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூடக் கோதண்டராமன் இவ்வளவு அலையவில்லை. பையன் வீட்டார் வந்தார்கள், கேசரி சாப்பிட்டார்கள், பெண்ணும் பையனும் மொட்டைமாடியில் கொஞ்ச நேரம் பேசிவிட்டு வந்து சரி என்றார்கள், தையில் கல்யாணம் என்று அன்றைக்கே பேச்சு முடிந்துவிட்டது. ஆனால் மெத்தைக்குத் தையல் போடும் ஒரு மெஷினைத் தேர்ந்தெடுக்கச் சித்திரையில் கிளம்பிய மனுஷன், புரட்டாசி பிறந்தும் ஒரு முடிவுக்கு வரவில்லை. இரண்டு மெஷினில் தைத்த சாம்பிள் துணிகளை ஜவுளிக்கடைப் பையில் போட்டுக்கொண்டு ஒரகடம் டீக்கடையில் காட்டினார். ஸ்பாஞ்சு ஏற்றி வரும் லாரி டிரைவரிடம் காட்டினார். படப்பையில் பல் பிடுங்கப் போனவர், வாயில் பஞ்சோடு அந்த டாக்டரிடமும் காட்டிவிட்டு வந்தார்.

“டாக்டர் இன்னா சொன்னாரு?” என்று கேட்டாள் சரோஜா.

“ரெண்டுமே நல்லா கீதுன்றாரு.”

“பல்லைப் புடுங்கினாரா, இல்ல அதுவும் நல்லா கீதுன்னு உட்டுட்டாரா?”

சரோஜா பொறுமைசாலி என்று பிள்ளைப்பாக்கத்தில் இதுவரை யாரும் சொன்னதில்லை. ஊர் எல்லையில், ஒரு பக்கம் நெல்வயலும் மறுபக்கம் காருக்குக் கதவு செய்யும் ஃபேக்டரியுமாக நிற்கிற ஷெட்டில், ‘கவிப்பிரியா மெத்தை’ என்று போர்டு மாட்டிய நாளிலிருந்து துணி வெட்டுவது அவள்தான், ஆள் எடுப்பது அவள்தான், கத்துவதும் அவள்தான். கோதண்டராமன் முதலாளி. அதாவது, வருகிறவர்களுக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டு, “சரோஜாவை ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்” என்று சொல்கிற முதலாளி.

மெஷின் விஷயத்தில் மட்டும் சரோஜாவும் வாயைத் திறக்க முடியாமல் இருந்தாள். அதுதான் கொடுமை.

விஷயம் இதுதான். ஃபேக்டரி ஆட்கள் தங்குவதற்கு ஒரகடத்தில் புதிதாக எழும்புகிற ஒரு பெரிய ஹாஸ்டலுக்கு மொத்த மெத்தையும் இவர்கள் கொடுக்க வேண்டும், பொங்கலுக்கு முன்னால். மெத்தை நன்றாக இருந்தால் ஹாஸ்டல் முதலாளியின் மற்ற ஹாஸ்டல்களும் வரும். இல்லையென்றால், இந்தப் பக்கத்தில் ஒரு ஹாஸ்டல்காரரும் இனி வாசலில் நிற்கவிடமாட்டார். மெத்தையின் மேலுறைக்கு, மேலே துணி, நடுவில் மெல்லிய ஸ்பாஞ்சு, அடியில் வலைத்துணி, மூன்றையும் சேர்த்துப் பூப்பூவாகத் தைக்க வேண்டும். அதைத்தான் குயில்டிங் என்பார்கள். இவர்களிடம் இருந்த பழைய ஒற்றை ஊசி மெஷின் ஒரு பூ போட்டுவிட்டு ஒரு பெருமூச்சு விடும். அதை வைத்துக்கொண்டு ஹாஸ்டல் ஆர்டர் என்பது நடக்கிற காரியமில்லை. புது மெஷின் வாங்கியே ஆக வேண்டும்.

அங்கேதான் வந்து நின்றான் வசந்தகுமார்.

வசந்தகுமார் சரோஜாவின் ஒரே தம்பி. வாட்டர் ஃபில்டர் விற்றான், இன்வெர்ட்டர் விற்றான், வாசலுக்கு வாசல் கேமரா மாட்டினான். எல்லாவற்றுக்கும் முதல் கஸ்டமர் அக்காதான். அவன் மாட்டிய கேமராவில் இன்றுவரை பக்கத்து வீட்டு முருங்கைமரம் மட்டும்தான் தெளிவாகத் தெரிகிறது. இப்போது “மெஷின் லைன்ல எறங்கிட்டேன் அக்கா” என்று காலர் வைத்த டீ-ஷர்ட்டும் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையுமாக வந்துவிட்டான்.

அவனிடம் வேண்டாம் என்று சொல்லிவிட முடியுமா? அடேயப்பா! அவனுடைய ரோஷம் ஊர் அறிந்தது. அக்கா புதிதாகக் கட்டிய வீட்டின் கிரகப்பிரவேசத்துக்கு அடித்த பத்திரிகையில், அவன் பெயர் சித்தப்பா மகன் பெயருக்குக் கீழே விழுந்துவிட்டது. கையில் குத்துவிளக்குப் பெட்டியோடு வந்தவன், எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்துவிட்டான். வருகிறவர்களுக்கெல்லாம் “அதோ, அந்த வூடுதான், நேரா போங்க” என்று வழி காட்டினான். உள்ளே மட்டும் வரவில்லை. பந்தி முடிந்ததும் குத்துவிளக்கை ஆட்டோக்காரரிடம் கொடுத்தனுப்பிவிட்டுப் போய்ச் சேர்ந்தான். சரோஜாவும் வாசற்படியைத் தாண்டிப் போய்க் கூப்பிடவில்லை. அவளுக்கு மட்டும் ரோஷம் இல்லையா என்ன?

அதெல்லாம் கிரகப்பிரவேசத்தோடு போயிற்று. இப்போது வருவது கல்யாணம். தாய்மாமன் மாலை போட்டுக் கையைப் பிடித்து அழைத்துப் போகாமல் கவிப்பிரியா எப்படி மணவறை ஏறுவாள்? அவன் அன்றைக்கும் எதிர் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டால் ஊர் என்ன பேசும்? ஊர் கிடக்கட்டும், சரோஜாவால் அதைத் தாங்க முடியாது. அப்பா, அம்மா போனபிறகு அவளுக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருப்பது இந்த ஒருத்தன்தான். அதனால்தான் கோதண்டராமன் சித்திரையிலிருந்து முடிவெடுக்காமல் சுற்றிக்கொண்டிருந்தார் என்பதும், கண்டும் காணாததுபோல அவள் அவரை அலையவிட்டாள் என்பதும் இருவருக்கும் தெரியும். இருவரும் அதைப் பேசிக்கொள்ளவில்லை.

இன்னொரு மெஷினைக் காட்டியது கோயமுத்தூர்க் கம்பெனிக்காரி காந்திமதி. ஒருநாள் வந்து துணியும் ஸ்பாஞ்சும் வாங்கிக்கொண்டு போய், தங்கள் மெஷினில் தைத்துக் கொண்டுவந்து மேஜைமேல் விரித்தாள். பூ அடக்கமாக, குட்டிகுட்டியாக இருந்தது.

“எங்க மெஷின் அப்படியொண்ணும் வேகமாப் போகாதுங்க,” என்றாள். “ஒவ்வொரு பூ முடியறப்பவும் நின்னு, முடிச்சுப் போட்டு, நூலை வெட்டிட்டுத்தான் அடுத்த பூவுக்குப் போகும். நீங்க யாருகிட்ட வாங்கினாலுஞ் சரிங்க, அந்த முடிச்சை மட்டும் பாத்து வாங்குங்க.”

அவள் போனதும் கோதண்டராமன் நாற்காலியில் சாய்ந்தார். “பொய் சொல்லத் தெரியாத பொண்ணா கீது, சரோ.”

“அதுக்கு இன்னா இப்போ?”

“ஒண்ணுமில்ல. பயமா கீது.”

வசந்தகுமாரிடம் இதைச் சொன்னபோது அவன் விழுந்து விழுந்து சிரித்தான். “நின்னு நின்னு போறதுக்கு அது மெஷினா, டவுன் பஸ்ஸா மாமா? நம்முது பாயிண்ட் டு பாயிண்ட். ஏறிக் குந்தினா எறங்கறப்பதான் கண்ணைத் தொறக்கணும். பேசிக்கினு இன்னா, மெஷினையே கொண்டாந்து எறக்கறேன். ட்ரையல் பாரு. புடிக்கலன்னா நானே தூக்கிக்கினு போறேன்.”

சொன்னபடியே கிரேன் வைத்த லாரியில் கொண்டுவந்து இறக்கிவிட்டான். கூட வந்த மெக்கானிக், அவன் சொன்னபடி, தங்க நிற நூலை மாட்டினான். வெள்ளைத் துணியில் தங்கப் பூ! மெஷினை ஓடவிட்டதும் ஷெட்டே அதிர்ந்தது. வரிசையாக நிற்கிற ஊசிகள் ஒன்றாக இறங்கி, ஒன்றாக ஏறி, ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்கு நிற்காமல் தாவி, கண்ணை மூடித் திறப்பதற்குள் ஒரு மெத்தை அகலத்துக்குப் பூந்தோட்டம் போட்டுவிட்டன. கோதண்டராமனின் வாய், பல் டாக்டரிடம் திறந்ததைவிடப் பெரிதாகத் திறந்திருந்தது. சரோஜாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. பரவாயில்லையே, நம் தம்பியும் ஒரு நல்ல பொருளைக் கொண்டுவந்து காட்டிவிட்டானே என்று மனசு குளிர்ந்துபோனது.

கவிப்பிரியா மெத்தையில் ஒரு வழக்கம் உண்டு. எது புதிதாகத் தைத்தாலும் முதலில் தையல் பிரிவுப் பெண்கள் தங்கியிருக்கும் சேரப்பணஞ்சேரி அறைக்குப் போகும். அவர்கள் படுத்துப் பார்த்துச் சொன்ன பிறகுதான் வெளியே போகும். ஏனென்றால் ஒரகடத்து ஹாஸ்டல் கட்டில் ஆறுவதே இல்லை. பகல் ஷிஃப்ட்காரர் எழுந்து போனால் நைட் ஷிஃப்ட்காரர் வந்து விழுவார். அதில் தாங்குகிற மெத்தைதான் மெத்தை. அப்படித்தான் வசந்தகுமாரின் தங்கப்பூ மெத்தை ஒன்று முத்துச்செல்வியின் கட்டிலுக்கும், காந்திமதி தைத்துத் தந்த துணியைப் போட்ட கோயமுத்தூர் மெத்தை செல்லக்கனியின் கட்டிலுக்கும் போயின. தங்கப்பூவில் இன்னொன்றை ஆபீஸ் அறையில், வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று பிளாஸ்டிக் உறையைக் கழற்றிப் போட்டு வைத்தார்கள்.

செல்லக்கனி தையல் பிரிவு சூப்பர்வைசர், கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. முத்துச்செல்வியும் அதே ஊர்தான். ஆவணியில் நிச்சயம் ஆனதிலிருந்து, ஷிஃப்ட் முடிந்தால் போனும் காதுமாகக் கிடப்பவள்.

பெண்கள் படுத்துப் பார்த்துச் சொல்வதற்குள் ஆயுதபூஜை வந்துவிட்டது.

பூஜை என்றால் சரோஜாவுக்குக் கை நிற்காது. காலையிலேயே தலைக்குக் குளித்து, பட்டுப்புடவை கட்டி, சந்தனக் கிண்ணமும் குங்குமமும் வைத்த தட்டைத் தூக்கிக்கொண்டு ஷெட்டின் இந்த மூலையில் ஆரம்பித்தாள். கத்தரிக்கோலுக்குப் பொட்டு, மேஜைக்குப் பொட்டு, தராசுக்குப் பொட்டு. பழைய ஒற்றை ஊசி மெஷினுக்கு மூன்று பொட்டு. கோதண்டராமனின் பைக்குக்குப் பொட்டு. தீயணைக்கும் சிலிண்டருக்குப் பொட்டு. வருகைப் பதிவுக்குக் கட்டைவிரல் வைக்கிற சின்ன மெஷினில், விரல் வைக்கிற கண்ணாடியிலேயே ஒரு பெரிய பொட்டு. வாயில் சாமி பாட்டு, காலில் சக்கரம், கையில் சந்தனம். அந்த வேகத்திலேயே போய், ட்ரையலுக்கு வந்து நிற்கிற தம்பியின் மெஷினுக்கு நெற்றி போல இருந்த இடத்தில் அகலமாகச் சந்தனம் பூசி, நடுவில் குங்குமத்தை அழுத்தி வைத்து, மாலையையும் சாத்தி, கற்பூரமும் காட்டிவிட்டாள்.

“அய்யய்யோ!” என்ற சத்தம் கேட்டுத் திரும்பினாள். உடைப்பதற்குப் பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு வந்த கோதண்டராமன் சிலையாக நின்றிருந்தார்.

“இன்னா சரோ பண்ணிட்ட? அது ட்ரையல் மெஷினாச்சே!”

சரோஜா தட்டைப் பார்த்தாள். மெஷினைப் பார்த்தாள். கற்பூரம் ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது.

பொட்டு வைத்து, பூ வைத்து, கற்பூரம் காட்டிய பொருள் வீட்டுப் பொருளாகிவிட்டது. அதை எப்படித் திருப்பி அனுப்புவது? பொட்டை அழித்துவிட்டா? நல்ல நாளில், கல்யாணம் வைத்திருக்கிற வீட்டில், பொட்டை அழிக்கிற கை எந்தக் கை? யாராலும் முடியாது. இதையெல்லாம் பூஜைக்கு வந்திருந்த வசந்தகுமார் யோசித்தானோ இல்லையோ, போனை எடுத்து நாலு பக்கமிருந்தும் மெஷினைப் படம் பிடித்து, ‘மாமா கம்பெனியில் நம்ம மெஷின், பூஜை இனிதே நடந்தது’ என்று ஸ்டேட்டஸில் போட்டுவிட்டான். மதுராந்தகத்துச் சித்தப்பா முதல் ஆளாகக் கைகூப்பும் பொம்மை அனுப்பினார்.

கோதண்டராமன் பூசணிக்காயை உடைக்க மறந்துபோய், குழந்தையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். “சரி, ஆண்டவன் முடிவு பண்ணிட்டான்,” என்றார். அவர் குரலில் நிம்மதியும் இருந்தது, பயமும் இருந்தது.

சரோஜாவுக்கும் அப்படித்தான் தோன்றியது. போகட்டும், கல்யாணத்துக்கு மாமன் வந்துவிடுவான், அது போதும். மாலை சரிந்திருக்கிறதே என்று மெஷின்மேல் எடுத்துக் கட்டப் போனவள், கட்டியிருந்த நூலைப் பார்த்து நின்றாள். சாமந்திக்கும் அரளிக்கும் நடுவே ஏதோ மினுக்கென்றது. கடையில் விற்கிற வெள்ளை நூல் இல்லை. தங்க நூல்.

பூ கட்டியது முத்துச்செல்விதான். அவளைத் தனியே கூப்பிட்டாள்.

“ஏம்மா, இந்த நூலு ஏது?”

முத்துச்செல்விக்கு வெட்கமாகப் போய்விட்டது. “மெத்தையில இருந்துதான்க்கா. ஒரு நுனி நீட்டிக்கிட்டு இருந்திச்சு. லேசா இழுத்தேன். வந்துக்கிட்டே இருந்திச்சு. நல்ல நூலு, எதுக்கு வீணாக்கணும்னு பந்தா சுத்தி வச்சிருந்தேன்.”

“எல்லா மாலையும் இதுலதான் கட்டினியா?”

“ஆமாக்கா. இன்னும் மிச்சம் கெடக்கு.”

செல்லக்கனி பக்கத்தில் வந்தாள். “ஒரு வாரமா இதே வேலதான்க்கா இவளுக்கு. அவுக போன் பண்ணுவாகல்லா, பேசிக்கிட்டே இழுப்பா. இப்ப மெத்தையில ஒரு பூ கெடையாது, மொட்டையா கெடக்கு. ஸ்பாஞ்சு ஒரு பக்கம், துணி ஒரு பக்கம். பூஜ முடியட்டும், நல்ல நாளும் அதுவுமா எதுக்குச் சொல்லணும்னுதான் இருந்தோம்.”

“உன் மெத்த?”

“அது கோயமுத்தூர் மெத்தைல்லா. அதையுந்தான் இழுத்துப் பாத்தா. ஒரு இழை அசையல. நகந்தான் ஒடிஞ்சிது.”

முடிச்சு! அந்தக் கோயமுத்தூர்ப் பெண் தலைப்பாடாகச் சொல்லிவிட்டுப் போனதே, முடிச்சைப் பாருங்கள் என்று. தம்பியின் மெஷின் பூ முடிகிற இடத்தில் முடிச்சும் போடுவதில்லை, நூலை வெட்டுவதும் இல்லை. நிற்காமல் தாவுகிறது. ஒரு நுனியைப் பிடித்தால் வரிசையே அவிழ்ந்துகொண்டு வருகிறது. ஒரகடத்து ஹாஸ்டலைச் சரோஜா நினைத்துப் பார்த்தாள். அங்கே படுக்கிற பிள்ளைகள் எல்லாரும் வெளியூர்ப் பிள்ளைகள். எல்லாருக்கும் ஊரில் ஒரு அம்மா இருக்கிறாள், இல்லாவிட்டால் ஒரு காதலி இருக்கிறாள். படுத்தால் போன், போன் என்றால் பேச்சு, பேச்சு என்றால் விரல் சும்மா இருக்காது. பொங்கலுக்குக் கொடுத்த மெத்தை எல்லாம் மாசிக்குள் மொட்டையாகி, கவிப்பிரியா மெத்தை என்ற பெயரோடு வாசலில் வந்து விழும்.

இதைத் தம்பியிடம் எப்படிச் சொல்வது? சித்தப்பாவுக்கே படம் போய்விட்டது. இத்தனை பேர் முன்னால் உன் மெஷின் உதவாது என்றால், அவன் தையில் மட்டுமில்லை, அதற்குப் பிறகு எந்த மாசத்திலும் வீட்டு வாசலை மிதிக்கமாட்டான். சொல்லாமல் விட்டால் கம்பெனி போய்விடும். சரோஜா சந்தனத் தட்டைக் கீழே வைத்துவிட்டு நேரே ஆபீஸ் அறைக்குப் போனாள்.

சும்மா சொல்லக் கூடாது, அவள் அங்கே செய்தது சூதுதான். காட்சிக்குப் போட்டிருந்த தங்கப்பூ மெத்தையில், படுக்கிறவரின் வலது கை எங்கே வருமோ அந்த இடத்தில், பூ முடிகிற நுனியை ஊசியால் கொஞ்சமே கொஞ்சம் வெளியே எடுத்துவிட்டாள். தலையணையைத் தட்டிப் போட்டாள். ஃபேனைச் சுழலவிட்டாள்.

வடை, பாயசத்தோடு இலைச்சாப்பாடு முடிந்ததும், “டேய் வசந்தா, காலைல இருந்து நின்னுக்கினே கீற. உள்ள போய் கொஞ்ச நேரம் கால நீட்டு. உன் மெத்ததான் போட்டுக்கீது,” என்றாள்.

“அக்கான்னா அக்காதான்,” என்று அவன் போய் மல்லாந்தான்.

ஆபீஸ் அறைக்குக் கண்ணாடித் தடுப்பு. சரோஜா வெளியே உட்கார்ந்து, பொட்டலம் கட்டுவதற்குச் சுண்டலை அளந்துகொண்டே ஓரக்கண்ணால் பார்த்தாள். அவன் போன் அடித்தது. மதுராந்தகம் சித்தப்பா. கதவு திறந்திருந்ததால் பேச்சு நன்றாகக் கேட்டது.

“ஆமா சித்தப்பா, நம்ம மெஷின்தான்… பின்ன? அக்காவே பூஜை போட்டுட்டா…” என்றான். வலது கை மெத்தையைத் தடவியது. ஒரு விரல் ஏதோ தட்டுப்பட்டு நின்றது. “தையலா? ஐயோ, தையலைப் பத்திக் கேக்காத. பாத்துக்கினே இருக்கலாம்…” விரல் லேசாக இழுத்தது. வந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தது. “பிரியறதா? எங்க மெஷின்லயா? இன்னா சித்தப்பா நீ, யானையக் கட்டி இழுத்தாலும் வராது…”

வந்துகொண்டே இருந்தது. சரோஜா சுண்டலை அளக்க மறந்துபோனாள். ஒரு பூ போனது, பக்கத்துப் பூ போனது. தங்க நூல் அவன் வயிற்றின்மேல் குருவிக்கூடு போலச் சேர்ந்தது. அவன் கால்மேல் கால் போட்டு, கூரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, சித்தப்பாவின் மருமகனுக்கும் ஒரு மெஷின் தள்ளிவிட முடியுமா என்று பேசிக்கொண்டிருந்தான். செல்லக்கனி பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு ஷெட்டுக்குள் ஓடினாள்.

பேசி முடித்து எழுந்து உட்கார்ந்தவன், மடியில் கிடந்ததைப் பார்த்தான். மெத்தையைப் பார்த்தான். அவன் படுத்திருந்த பக்கம் ஒரு பூ இல்லை. ஒரு நுனியைப் பிடித்து, வேண்டுமென்றே, மெதுவாக இழுத்துப் பார்த்தான். அதுவும் வந்தது. நிமிர்ந்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா நிற்பது தெரிந்தது.

நூலைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். பூஜை போட்ட மெஷினைத் தாண்டினான். கேட்டைத் தாண்டினான். ரோட்டைத் தாண்டி, எதிரே இருந்த டீக்கடையில் போய் உட்கார்ந்துகொண்டான்.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள் சரோஜா.

“இன்னா ஆச்சு? மச்சான் ஏன் டீக்கடையில குந்திக்கினு கீறான்?” என்று இடுப்புப் பூசணிக்காயோடு ஓடிவந்தார் கோதண்டராமன். “நான் ஒண்ணும் சொல்லலியே! யாரு இன்னா சொன்னது?”

“நீ சும்மா இரு,” என்றாள் சரோஜா. “அந்தக் காயை மொதல்ல கீழ வை.”

பட்டுப்புடவையின் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டில் இறங்கினாள். கம்பெனி பஸ் ஒன்று ஹாரன் அடித்தது. டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் நேரே போய் அவன் பக்கத்தில், பெஞ்சில் உட்கார்ந்தாள். ரெண்டு டீ சொன்னாள்.

டீ வந்தது.

“உனுக்கு முன்னாடியே தெரியுமா?” என்றான் அவன், ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

“கற்பூரம் காட்டினதுக்கு அப்பறம் தெரியும்.”

“அப்பவே சொல்லிருக்கலாம்ல?”

“எல்லார் முன்னாடியும் சொன்னா, நீ டீக்கடையில வந்து குந்திக்குவ.”

“இப்ப மட்டும் எங்க குந்திக்கினு கீறேன்?”

“இப்ப நானும்தானே குந்திக்கினு கீறேன்.”

அவன் டீயைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தான். “அன்னிக்கி கிரகப்பிரவேசத்துக்கு,” என்றான், “நீ ஒருவாட்டி ரோட்டைத் தாண்டி வருவன்னு வாசலையே பாத்துக்கினு இருந்தேன் அக்கா. மாமா வந்து கூப்ட்டாரு, சித்தப்பா வந்து கூப்ட்டாரு. நீ வரல.”

சரோஜா கிளாஸைப் பெஞ்சில் வைத்தாள். இத்தனை வருஷமாக அவன்தான் வரவில்லை என்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாளே, இதை நினைத்துப் பார்த்ததே இல்லையே! “இன்னிக்கி வந்துட்டேன்டா,” என்றாள். அவன் முதுகில் ஒரு அடி வைத்தாள். கொஞ்சம் பலமாகவே விழுந்துவிட்டது.

வசந்தகுமார் திரும்பி வந்தபோது, போனவன் நடையே இல்லை. டீ-ஷர்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, ஷெட்டின் நடுவில் போய் நின்று, எல்லாரும் கேட்கும்படியாகக் குரல் கொடுத்தான்.

“மாமா, தாய்மாமன் நான் சொல்றேன். இந்த மெஷின் நம்ம வூட்டுக்கு ஆகாது. பாக்க லட்சணமா கீது, குணம் சரியில்ல. கோயமுத்தூர் மெஷினையே முடிச்சுடு. யார் குறுக்க வந்தாலும் நான் பேசிக்கறேன்.”

குறுக்கே வருவதற்கு அவனைத் தவிர வேறு யாரும் இருந்ததில்லை என்பதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கோதண்டராமனுக்கு முகமெல்லாம் பல். பிடுங்கிய இடம்கூடத் தெரிந்தது. உடனே மறுபடியும் முகம் சுருங்கிவிட்டது.

“ஆனா மச்சான், பொட்டு வச்சாச்சே! எப்டித் திருப்பி அனுப்பறது?”

எல்லாரும் மெஷினைப் பார்த்தார்கள். நெற்றி நிறைய சந்தனக்குங்குமத்தோடு அது நின்றது. வசந்தகுமார் தலையைச் சொறிந்தான். சரோஜா உதட்டைக் கடித்தாள்.

“இன்னா மாமா நீ?” என்றான் வசந்தகுமார் திடீரென்று. “பொட்டு வச்சி, பூ வச்சி அனுப்பறதுதானே பொறந்த வூட்டு வழக்கம்? நம்ம பொண்ணை தையில எப்டி அனுப்பப் போறோம்? மூளியாவா அனுப்புவோம்? இதையும் அப்டியே அனுப்பு.”

அட, ஆமாம்! ஷெட்டே சிரித்தது. கோதண்டராமன் அந்தச் சந்தோஷத்தில் பூசணிக்காயைத் தூக்கிக் கேட்டருகே போட்டு உடைத்தார், அது தன் பைக்குக்கு எவ்வளவு பக்கம் என்று பார்க்காமல். கவிப்பிரியா என்று மகள் பெயரைத்தான் கம்பெனிக்கே வைத்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணைப் பொட்டு வைத்து அனுப்பப் போகிற நாள் சரோஜாவின் கண்முன்னால் வந்து நின்றது. சிரித்துக்கொண்டிருந்தவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்தில் நின்ற முத்துச்செல்விக்கு ஏனென்று புரிந்துவிட்டது. அவளும் மூக்கை உறிஞ்சினாள்.

அன்றைக்கே கோதண்டராமன் காந்திமதிக்குப் போன் போட்டார். போடுவதற்கு முன்னால் டீக்கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டார் என்பது வேறு விஷயம்.

விஜயதசமி முடிந்து கிரேன் லாரி வந்தது. மெஷினை ஏற்றியபிறகு செல்லக்கனி ஆரத்தி கரைத்துக்கொண்டு வந்தாள். “சிரிக்காதீயட்டி, பொண்ணு போறா,” என்று மற்ற பெண்களை அதட்டிவிட்டுத் தட்டைச் சுற்றினாள். சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது, குங்குமம் மட்டும் அப்படியே இருந்தது. டிரைவர், மனுஷன், இதற்கு முன் எத்தனையோ மெஷின் ஏற்றியிருப்பார், ஆரத்தி எடுத்து அனுப்பிய மெஷினை ஏற்றியிருக்கமாட்டார். தட்டில் அவரும் ஒரு காசு போட்டார்.

வசந்தகுமார் முன் சீட்டில் ஏறிக்கொண்டான். கையில் அந்தத் தங்க நூல் பந்து இருந்தது.

“அத எதுக்குடா எடுத்துக்கினு போற?”

“கல்யாண மாலை நான்தானே கொண்டாரணும்? இதுல கட்டச் சொல்லப் போறேன். நூலு நல்ல நூலு அக்கா. முடிச்சுப் போட ஆளு இல்லாமதான் அவுந்துக்கிச்சு.”

லாரி நகர்ந்தது. கேட்டைத் தாண்டி ரோட்டில் திரும்பும்போது தலையை வெளியே நீட்டினான்.

“அக்கா! பத்திரிகையில என் பேரு?”

“மொதப் பேரே உன் பேருதான்டா!” என்று கத்தினாள் சரோஜா.

“அப்டியே கீழ போன் நம்பரையும் போட்டுடு! மெஷின் வேணும்னு யாராவது கேப்பாங்க!”

சரோஜா ஆரத்தித் தட்டைப் பிடுங்கி ஓங்குவதற்குள் லாரி டீக்கடையைத் தாண்டிப் போய்விட்டது.